ஐந்தில் நாலு

"பசியாறியாச்சா" என்று நான் கேட்டதும்
கர்னால் தாபாவில் நாமக்கல் லாரிக்காரர் சிரித்துவிட்டார்.
எந்த ஊர்த் தமிழுங்க இது?
ஈப்போ என்றேன்.
அது எந்த மாவட்டம் என்றார்.

வாடகைக் காரில் ஒன்பதாவது நாள்.
சண்டிகரில் உடைந்த வளையல் உடுத்திய பெண்கள்
வரிசையாக நின்ற தோட்டம் பார்த்தோம்.
மறுநாள் ரோஜாக்களுக்கென்றே ஒரு தோட்டம்.
லோகேஸ்வரி பூவை விட்டுவிட்டு
பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனாள்,
கணக்குப் புத்தகம் சரிபார்ப்பவள் போல.

மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகும்போது அவள் மூக்கை எடுத்துக்கொண்டு போனது.
மூக்கு இருக்கிறது. மூக்குத்தியும் இருக்கிறது.
வாசம்தான் இல்லை.

தில்லியில் ஐம்புலன் தோட்டம் என்று ஒன்று.
நான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினேன்.
அவள்தான் விரல் வைத்து நிறுத்தினாள்:
"ஐந்தில் நாலு. பாஸ்தானே?"

சீட்டுக் கொடுக்கும் பையன்
எங்கள் முகத்தைப் பார்த்து "சென்னை?" என்றான்.
தலையாட்டிவிட்டோம்.
இடுப்புப் பைக்குள் சிவப்புக் கடவுச்சீட்டு
லேசாகக் கூசியது.

உள்ளே கல் யானைகள்.
கொஞ்சம் தள்ளி, தலைக்குமேல் கொத்துக் கொத்தாய்க் காற்றுமணிகள்;
காற்றுதான் வரவில்லை.
ஐம்பத்திரண்டு வயதில் லோகா எம்பிக் குதித்து
ஒன்றைத் தட்டினாள்.
அது பக்கத்து மணியிடம் சொல்ல
அது அடுத்ததிடம் சொல்ல
ஒரு காதல் ஜோடி புதரிலிருந்து எட்டிப் பார்த்தது.

பிறகு பந்தலேறிய ஒரு கொடி.
நின்றாள்.
"என்ன வாசம்?"

இந்த மூன்று வருடமும் நான்தான் அவளுக்கு மூக்கு.
மீன் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா,
அலமாரியில் மடித்து வைத்த அவள் அம்மா புடவையில்
இன்னும் அம்மா இருக்கிறாளா,
எல்லாம் நான்தான் முகர்ந்து சொல்லவேண்டும்.
கொஞ்சம் கூட்டியும் சொல்வதுண்டு.

கண்ணை மூடி இழுத்தேன்.
மல்லி, என்றேன். அடியில் ஏலக்காய்.
அப்புறம், மழைக்கு முன்னால் வருமே, அந்த மண்.

குத்துக்காலிட்டுக் களை பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர்
"மல்லி" மட்டும் எப்படியோ புரிந்தவராய்
மண்கையை ஆட்டினார்.
"கர்மி மே, கர்மி மே."
ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினார்
தானே முகர்ந்தார்
உதட்டைப் பிதுக்கினார்.
வெயில் காலத்தில் வா என்பதற்கு
இந்தி தெரிந்திருக்கத் தேவையில்லை.

லோகா என்னைப் பார்த்தாள்.
கோபம் வந்தால் அவளுக்கு மலாய்தான் வரும்.
"பொஹோங்."
பொய் என்று தமிழில் சொல்லியிருந்தால்
இவ்வளவு உறைத்திருக்காது.

"எத்தனை?"
எது எத்தனை?
"சண்டிகர் ரோஜா?"
பெரிய பெரிய பூ. அவ்வளவுதான்.
"அக்கா அனுப்பின சந்தனம்?"
சோப்பு வாடை.
"தீபாவளிக்கு நான் செய்த நெய்யுருண்டை?"
கொஞ்சம் காறல்.
"அம்மா புடவை?"

அது நிஜம் என்றேன்.
கல் யானைகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் மேலே கேட்கவில்லை.
தோட்டக்காரரிடம் கும்பிடு போட்டுவிட்டு
முன்னால் நடந்தாள்.

மெஹ்ரோலி சாலையில் கார்கள் நகரவில்லை.
கர்னாலில் வாங்கிய கடைசிக் கின்னோ ஆரஞ்சை
மடியில் வைத்து உரிக்க ஆரம்பித்தாள்.
"வண்டிக்குள் என்ன வாசம்? ஒழுங்காகச் சொல்."

டீசல், என்றேன்.
வெளியே யாரோ பிளாஸ்டிக் எரிக்கிறார்கள்.
உன் சால்வையில் நேற்றுச் சிந்தின சன்னா மசாலா.
என் காலுறை.

"ஐயே," என்று சன்னலை இறக்கினாள்.
பின் எதற்கென்று யோசித்து
ஏற்றினாள். சிரித்தாள்.
உரித்த தோலை என் மூக்குக்கு நேராய்ப் பிடித்து
ஒரு மடி மடித்துப் பிழிந்தாள்.
கண்ணில் சாறு தெறித்தது.
"இது?"

பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் எல்லாரும் ஆரன் அடிக்கிறார்கள்.
எரியும் கண்ணோடு
கூட்டாமல் குறைக்காமல் ஒரு சொல்
தேடிக்கொண்டிருந்தேன்.