இருநூறு லீற்றர்

போன பாஸ் வெள்ளைச் சீமெந்து பூசியிருக்கிறார்.
ஒரு மாதம் நின்றது.
பிறகு டப்புக்கும் சுவருக்கும் நடுவில்
மயிரளவு வெடிப்பு,
பிறகு எறும்பு போகிற வழி,
பிறகு அடுத்த அறையில் அலுமாரிக்குப் பின்னால்
சுவர் பொருமி
ஜெஸீமா டீச்சரின் இருபத்தெட்டு வருடச்
சம்பளச் சீட்டுகளில் பூஞ்சணம்.

"சீமெந்து அசையாது டீச்சர், டப் அசையும்.
நீங்க இறங்கினா ஒரு நூல் தாழும்,
ஏறினா ஒரு நூல் எழும்பும்.
நடுவுல கிடக்கிறது ரெண்டு பக்கமும் இணங்கிப் போகோணும்."
"இந்த வீட்டுல அது நான்தான்" என்றார்.

பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
ஃபேன் காற்றில் காயவிட்டு
டேப் ஒட்டினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் ஆறு மில்லிமீற்றர் வெறுமை.

இனித்தான் சங்கதி.
டப் நிறையத் தண்ணி வேணும்.
பாரத்தில் தாழ்ந்து
இடைவெளி முழுதாய் வாய் திறந்து நிற்கும்போது பூசினால்தான்
பிறகு கிழியாது.
வெறும் டப்பில் பூசுகிறவன்
முதற் குளிப்பிலேயே பிடிபடுவான்.

பைப்பைத் திறந்தேன். இருமியது.
காலை எட்டிலிருந்து நாளை மறுநாள் வரை குழாய்த் திருத்தம் என்று
பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நேற்றே சொன்னார்களாம்.
நான் காரைதீவு. எனக்குக் கேட்கவில்லை.
கிணற்று மோட்டர் எரிந்து கல்முனையில் கிடக்கிறது.

உதுமாலெவ்வைப் போடியார் கதவில் சாய்ந்து கேட்டார்:
"எவ்வளவு பாரம் மனே?"
"இருநூறு லீற்றர்."
"கிலோவுல சொல்லு."
"அதே இருநூறுதான்."
விரல் மடித்து எண்ணினார்.
சாரனையும் மடித்துக் கட்டினார்.

மூன்று மூட்டை ஆட்டக்காரி.
பெரும்போகத்து நெல்,
விலை ஏறட்டும் என்று ஹோலில் குந்தியிருந்தவை,
பழைய பெட்சீட் விரித்த டப்புக்குள்
ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கின.
டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"முழங்கால் வலி எனக்கு.
குளிக்கிறது உங்கட நெல்லு."

நுனியைச் சரித்து வெட்டிக் கன்னைப் பிடித்தேன்.
மூலையிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கி
நிற்காமல் ஒரே இழுவை.
நின்றால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும்,
வீடு இருக்கும்வரை அது உன்னைப் பார்க்கும்.
வினாகிரி மணம் மூக்கில் ஏற
சவர்க்காரத் தண்ணியில் விரல் நனைத்து
ஒரே தடவை தடவினேன்.
இன்னொருக்கால் தொட ஆசை வரும்.
எத்தனை நல்ல வேலை அந்த ஆசையில் கெட்டது.
ஈரத்திலேயே டேப்பை உரித்தேன்.

கோடு.
நிறமில்லாத, ஈரம்போல மினுங்குகிற கோடு.
போடியார் கூடக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

மறுநாள் மூட்டைகளைத் தூக்கிய பிறகு
டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன்,
பைப் மூலைக்குப் பக்கத்தில்
சிலிக்கோனுக்கு உள்ளே
ஒரு நெல்மணி.
எந்த மூட்டையில் தையல் விட்டதோ,
நான் பூசுவதற்கு முன்னமே இடைவெளியில் விழுந்திருக்கிறது.
பிளேடை எடுத்தேன். எடுத்தால் முழுப் பக்கத்தையும் உரிக்க வேணும்.

போடியார் குனிந்தார்.
விதைநெல் பார்க்கிற பார்வை.
"முளைக்குமோ?"
"முளைச்சாச் சொல்லுங்க,
வாங்கின காசைத் திருப்பித் தாறன்."
பிளேடைப் பைக்குள் வைத்தேன்.

இப்போது சிறுபோகம்.
நிந்தவூர் வயலெல்லாம் ஒரு சாண் பச்சை.
பைக்கில் போகும்போது வேறு எந்தப் பயிரையும் பார்த்து
நான் இப்படி வேண்டியதில்லை:
நீ மட்டும் முளைக்காதே.

நேற்று டீச்சரின் நம்பர் போனில் மின்னியது.
மூன்று தரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.
குசினி சிங்க்கைச் சுற்றியும் ஒருக்கால் பூசிவிடட்டாம்,
வரும்போது டியூப் வாங்கி வரட்டாம்.
நெல்லைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.