இசிப்பிங்கோவில் ஒரு ஃப்ளைபேக்

முதலில் ஒரு வாசனை வரும்,
மின்னல் வெட்டிய பிறகு காற்றில் நிற்கிற மாதிரி.
அப்புறம் திரைக்குப் பின்னால்
டிக், டிக், டிக்.
படம் வராது.
ஃப்ளைபேக் போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்று மாதம் தேடினேன்.
பைன்டவுனில் ஒருவர் "இருக்கு, வாங்க" என்றார்.
போனால், மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர்.
வெருலத்தில் ஒரு டீரூமின் பின்பக்கம்
முழு மெஷினே நின்றிருந்தது.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
உள்ளே கோழி அடைவைத்திருந்தார்கள்.
பொத்தான்களையாவது தாருங்கள் என்றேன்.
கோழி எழுந்து வழிவிடவில்லை.
அதன் வயிற்றுச் சூட்டுக்கு அடியில் கையை விட்டு
ஒவ்வொரு ஒயராக அறுத்தேன்.
ஆறு பொத்தான், இரண்டு மைக்ரோஸ்விட்ச்,
மணிக்கட்டில் ஒரு கொத்து.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
"மூச்சைப் பிடிங்க. ம். விடுங்க."
இரவில், சாட்ஸ்வொர்த்தில், என் கராஜில்,
ஸ்க்ரூடிரைவரை எர்த் ஒயரோடு கட்டி
படக்குழாயின் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைக்கையில்
அதையே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.
இடது கை முதுகுக்குப் பின்னால்.
டப்.
விடுங்க.

இசிப்பிங்கோவில் ஒரு ஹோட்டல் பார் மூடுகிறது என்றார்கள்.
போனபோது மெஷினுக்குள் ஏற்கெனவே
ஒரு டார்ச் எரிந்துகொண்டிருந்தது.
டுமிசானி. உம்லாசி. லிஃப்ட் மெக்கானிக்.
அவருக்கும் அதே சேஸிஸ்,
அவர் வீட்டிலும் அதே டிக் டிக்.
"உதிரியாக விற்க மாட்டேன்" என்றார் கோகி நாயக்கர்,
"மொத்தமாகத் தூக்கிப் போங்கள், ஆயிரத்து நானூறு ராண்ட்."
என்னிடம் பணம் இருந்தது.
அவரிடம் பக்கி வண்டி.

பூவா தலையா போடலாம் என்றேன்.
இங்கே இருபது சென்டில் நிஜமாகவே பூ உண்டு, ப்ரோட்டியா.
தலைதான் இல்லை, அரசு முத்திரை.
இதையெல்லாம் அவருக்கு விளக்கி முடித்தபின்தான்
இருவர் பையிலும் கார்டைத் தவிர
எதுவும் இல்லை என்று தெரிந்தது.

மெஷினின் காசுப்பெட்டியை நெம்பித் திறந்தார்.
உள்ளே
சிகரெட் தாள், செத்த பல்லி,
ஒரே ஒரு வாஷர்.
இருபது சென்ட் அளவுக்கு அரத்தால் ராவிய வாஷர்,
துளையில் ஒரு விரல் நீளத் தூண்டில் நரம்பு.
யாரோ ஒரு பொடியன்
மணிக்கணக்கில் உட்கார்ந்து ராவியிருக்கிறான்.
விளிம்பைத் தடவிப் பார்த்தேன்: பிசிறே இல்லை.
நான் இதுவரை வாங்கிய எந்த உதிரிபாகமும்
இவ்வளவு சரியாகப் பொருந்தியதில்லை.

சுண்டினோம்.
இரண்டு பக்கமும் ஒன்றே.
மறுபடி சுண்டினோம்,
சிரிப்பு அடங்கட்டும் என்று.

பக்கியில் மெஷினைப் படுக்கவைத்துக் கட்டி
என் கராஜ்தான் கிட்டே என்று வந்து சேர்ந்தால்
தெருவே இருட்டு.
எட்டரை வரை கரண்ட் இல்லை.
டார்ச்சை நான் பிடிக்க
ஃப்ளைபேக்கை அவர் பற்றவைத்தார், என் சேஸிஸில்,
கேஸ் சோல்டரிங் அயர்னால்,
"சோதிக்கத்தான்" என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டே.
"சோதிக்கத்தான்" என்றேன் நானும்.
வாஷர் என் சட்டைப்பையில் இருந்தது.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

விளக்கு வந்தது.
ஸ்விட்சைத் தட்டினேன்.
டிக் என்று ஒரு சத்தம்.
இருவரும் அசையவில்லை.
"அது உங்க சுவர்க் கடிகாரம்"
என்றார் டுமிசானி.