நாளுக்கு ஒன்பது நொடி

கோக்-தாஷ் ஏரியின் கல்வரப்பில்
இருபத்து மூன்று பெட்டிகள் புதைத்தோம், அக்டோபரில்.
கோவேறு கழுதை இரண்டு, நான், எர்மெக்,
வழிநெடுக அவன் ஏசிக்கொண்டே வந்த பேட்டரி மூட்டை.
மறுபடி மேலேற ஜூன் ஆகும்.
அதுவரை ஒவ்வொன்றுக்கும்
இரண்டு பேட்டரிதான் சோறு.

ஆகவே தூக்கம்.
நாலு மணிக்கொரு தரம் விழித்து
பக்கத்துப் பெட்டிக்கு ஒரு சொல் கொடுத்து
ஒரு சொல் வாங்கி
மீண்டும் தூக்கம்.

பேசுவதற்குப் பெரிய செலவில்லை.
காத்திருப்பதுதான் தின்கிறது.
அடுத்தது எப்போது வாய் திறக்கும் என்று
காதைத் திறந்தே வைத்திருக்கும்
அந்த ஓரிரு விரற்சொடுக்கில்
பாதி ஆயுள் போய்விடுகிறது.
எர்மெக்கின் மனைவி ஓம்ஸ்க்கில் வேலை பார்க்கிறாள்.
இதை அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குவார்ட்ஸ் படிகம் குளிரில் சுணங்கும்.
மைனஸ் முப்பதில் நாளுக்கு ஒன்பது நொடி.
பனி போர்த்திய பெட்டிக்கு இரண்டரை, மூன்று.
ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு நள்ளிரவு.
எல்லாவற்றையும் காதைத் திருகி
ஒரே மணியில் நிறுத்தலாம்தான்,
பிப்ரவரிக்குள் பேட்டரி செத்துவிடும்.

நாங்கள் திருத்துவதில்லை.
எட்டைவிட ஏழு எவ்வளவு பிந்துகிறது,
ஒன்பதைவிட எட்டு எவ்வளவு,
அதை மட்டும் குறித்துக்கொள்கின்றன.
கணக்கெல்லாம் கீழே நாரினில், என் மேசையில்,
மின்சாரமும் தேநீரும் இருக்கும் இடத்தில்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பிந்தல்களை வாசித்தேன்.
ஐந்தாம் பெட்டி திடீரென்று தேறினால்
அதன்மேல் பனி விழுந்திருக்கிறது.
பதினொன்று பகலில் தேறி இரவில் சுணங்கினால்
காற்று அதைத் தோண்டி எடுத்துவிட்டது.
வெப்பமானிக்குக் காசில்லாத திட்டம்.
பிழையை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் ஆறு. பதினான்கு.
ஒன்று புள்ளி எட்டு நொடி.
மறுநாளும் ஒன்று புள்ளி எட்டு.
பகலில் அதே, இரவில் அதே.
நல்ல படிகம் போல, என்றான் எர்மெக்.
நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
காற்று இப்படி ஒழுங்காக இருக்காது.
அந்த உயரத்தில் பனி இளக மே ஆகும்.
கூடாமல் குறையாமல் பூஜ்யத்திலேயே நிற்பது
பனியைக் கரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர் ஒன்றுதான்.

பதினான்கு இருப்பது ஏரிக்கரையில் இல்லை.
வரப்பின் வெளிச்சரிவில்,
ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
அங்கே தண்ணீருக்கு என்ன வேலை?

ஆற்றுப்படுகையில் குதிரை மேய்க்கும் ஜானிபெக்கை
தொலைபேசியில் பிடித்தேன்.
எவ்வளவு நேரம் இருக்கிறது, என்றான்.
தெரியாது, என்றேன்.
இத்தனை கடிகாரம் வைத்திருக்கிறாயே, ஆய்சுலு!
ஒரு வசவு. ஒரு சீழ்க்கை.
பிறகு குளம்புகள், கூழாங்கற்களின் மேல்,
இணைப்பு அறும்வரை.

பெட்டிகள் அடுத்து விழிப்பது நாலு மணிக்கு.
மூன்று மணிக்கே ரிசீவரைத் திறந்து வைத்து
இருவரும் உட்கார்ந்தோம்.
செலவைப் பற்றி எர்மெக் ஒன்றும் சொல்லவில்லை.