இரவு, ஒன்று

ட்ரோம்சோவில் சூரியன் போய்
இன்றோடு பத்தொன்பது நாள்.
நண்பகலில் மலைக்குப் பின்னால்
யாரோ கதவைக் கொஞ்சம் திறந்து மூடுவது போல
ஒரு நீலம் வரும், போகும்.
அவ்வளவுதான் பகல்.

ஆனால் மருத்துவமனை ஐந்தாம் மாடியில்
குறைமாதக் குழந்தைகளின் கூடத்தில்
பதினோரு வருடமாக இருட்டியதே இல்லை.
எனக்குத் தெரியும்.
அந்தக் குழல்விளக்குகளை மாட்டியவன் நான்.
ஒன்று கண்சிமிட்டினாலும்
ஏணியோடு ஓடிவந்தவனும் நான்.

"என்ன பழுது?" என்று கேட்டேன்.
"எரிகிறது" என்றாள் போர்கில்ட்.
"எரிவதா பழுது?"
பாதி ஆயுளை இரவுப் பணியில் கழித்த செவிலி
என் ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"விடாமல் எரிகிறதே."

ஏழாம் பெட்டியில் ஒரு பெண் குழந்தை.
ஆயிரத்து நாற்பது கிராம்.
என் திருப்புளிப் பை அதைவிடக் கனம்.
வெங்காயச் சருகு போல இமை;
மூடினாலும் மூடியதாகாது.
வயிற்றுக்குள் இருந்தவரை
அம்மாவின் இரத்தம் வந்து வந்து சொல்லியிருக்கும்
இது ராத்திரி, இது விடியல் என்று.
இங்கே யார் சொல்வது?
கொடிக்குழாய் சொட்டும், கருவி கூவும்,
மாலையும் யாமமும் வைகறையும்
ஒரே வெள்ளையில் கரைந்து கிடக்கும்.

அம்மா ரிஸ்டீன்
தன் கழுத்துத் துணியை மடித்துப் பெட்டிமேல் போடுவாள்.
தோலின் நிறம் பார்க்க வேண்டுமென்று
மருத்துவர் எடுத்துவைப்பார்.
அவர் முதுகு திரும்பியதும் மறுபடி போடுவாள்.
ஒரு வாரமாக இந்தச் சண்டை,
ஒரு வார்த்தை இல்லாமல்.

மூன்று நாள் வேலை.
பழையதைக் கழற்றினேன்.
காலை ஏழுக்குப் பனிவெள்ளை,
மாலையில் தேன் நிறம்,
எட்டுக்குப் பிறகு
தரையோரம் மட்டும் பாதம் பார்க்கிற அளவு.
நரம்பு தேட, நிறம் பார்க்க,
பெட்டிக்கொரு கைவிளக்கு.
மருத்துவர் நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்,
"சரி" என்றார், அரை மனதாக.

எட்டு மணி.
விளக்கைக் குளிர வைத்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு, யாரும் சொல்லாமலே,
பெரியவர்களின் குரல் தாழ்ந்தது.
யாரோ குப்பைத்தொட்டியின் மூடியைக்
கையால் பிடித்து மெல்ல இறக்கினார்கள்.
போர்கில்ட் கொட்டாவி விட்டு, வெட்கப்பட்டாள்.
ரிஸ்டீன் எழுந்து போய்ப்
பெட்டிமேலிருந்த துணியை எடுத்துத்
தன் கழுத்திலேயே சுற்றிக்கொண்டாள்.

குழந்தை?
ஒன்றும் செய்யவில்லை.
அதற்கு இரவு புதிது.

வேலைத்தாளில் 'பொருத்தியவை' என்றொரு கட்டம்:
மங்கல் கருவி எட்டு.
கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று.
கம்பி நாற்பத்திரண்டு மீட்டர்.
கடைசி வரி காலியாக இருந்தது.
இரவு, ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். அனுப்பட்டும்.

லிஃப்டுக்குப் போகும் வழியில் அடுத்த கூடம்.
அதற்குப் பணம் வரும் வருடம்தான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒன்பது மணிக்கு உச்சிவெயில்.
பார்க்காத மாதிரி நடந்தேன்.

யாரிடமும் சொன்னதில்லை:
என் வீட்டிலும் விளக்கு அணைவதில்லை.
வெர்னா போனதிலிருந்து
சமையலறை எரியும், தொலைக்காட்சி எரியும்,
தலையணைக்கருகே ஃபோன் எரியும்.
இரண்டு மணிக்கு ரொட்டி வெட்டுவேன்.
பகல் பதினொன்றுக்கு
ஏணி உச்சியில் கண் செருகும்.
ஊருக்கெல்லாம் மின்கம்பி இழுத்தவன்,
தன் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்கு
மணி சொல்ல ஆளில்லாதவன்.

அன்று வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
எல்லாவற்றையும் அணைத்தேன்.
குளிர்பெட்டி முனகியது.
நாற்காலியில் முழங்கால் இடித்துக்கொண்டேன்,
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே
பனி தன்பாட்டுக்கு வெளிச்சமாகக் கிடந்தது.
அதை மாட்டியது நானில்லை.