பதினாறு பார்

அன்றைக்கு நூற்றெட்டு டிகிரி.
பேப்பரில் வேலூர் பெயர்தான் மேலே.
கோட்டை மைதானத்தில் தகரப் பந்தல் போட்டு
தென்துருவத்தை வைத்திருந்தார்கள்.

தினம் பதினாறு பார், பத்து நாளைக்கு,
விடிகாலை ஐந்துக்குள் என்று ஆர்டர்.
மீனுக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்டேன்.
"பார்க்கிறதுக்கு" என்றார் ஷெர்லி எபனேசர் மேடம்.
இருபத்திரண்டு வருஷத்தில்
பார்க்கிறதுக்கு ஐஸ் வாங்க வந்த முதல் ஆள்.
முன்பணம் கொடுத்தார்.
வாயை மூடிக்கொண்டேன்.

மரத்தூள் தட்டி, சாக்கை உரித்து
நானும் கவுஸ் பாஷாவும் இறக்கினோம்.
உள்ளே எதுவோ முனகிக்கொண்டே இருந்தது.
பனிமலை உடைகிற சத்தமாம்,
கடலுக்கடியில் மைக் இறக்கிப் பிடித்தார்களாம்.
கவுஸ் கொஞ்ச நேரம் காது கொடுத்தான்.
"நம்ம கம்ப்ரஸர் பேரிங் போறப்போ
இப்படித்தாண்ணே கத்தும்."

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் வெட்டுத் துண்டுகளை
வெள்ளை வெள்ளையாகப் பொறுக்கி
ஒரு கண்டத்தையே தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஓரத்தில் இன்னும் தோல் வாசனை.
ஆணியில் ஆள் இல்லாத ஆரஞ்சுக் கோட்டு,
பாக்கெட்டில் யாரோ போட்டுவிட்டுப் போன பஸ் டிக்கெட்.

பிறகு அந்தத் தண்டு.
பிசினில் வார்த்த நகல்தான்.
இரண்டு மைல் துளைத்து எடுப்பார்களாம்,
உள்ளே இருக்கிற ஒவ்வொரு குமிழும்
மனுஷன் மூச்சு விடாத காலத்துக் காற்றாம்.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
என் பாரைப் பார்த்தேன்.
நடுவில் அதே மாதிரி வெள்ளைத் தண்டு.
கடைசியாக உறைகிற இடம் அது,
உப்பும் காற்றும் அங்கே போய் ஒண்டிக்கொள்ளும்.
கடைக்காரர்கள் அதைக் காட்டித்தான்
விலையைக் குறைப்பார்கள்.

எங்கள் போர் முதலில் இருநூற்றெண்பது அடி.
அப்புறம் ஐந்நூறு.
போன வருஷம் தொள்ளாயிரத்து நாற்பது.
ரிக் வண்டி ராத்திரியெல்லாம் கல்லை மாவாக்கித் துப்பியது:
சிவப்பு, சாம்பல், அப்புறம் ஒரு கறுப்பு.
யாரும் அதற்கு லேபிள் ஒட்டவில்லை.
மேஸ்திரி மட்டும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினான்.
தண்ணீர் கிடைத்தபோது
வெதுவெதுவென்று வந்தது.
பாலாற்றுக்குப் பெயர் வைக்கும் முன்னே பெய்த மழையோ என்னவோ.
அதைத்தான்
சர்பத்துக்கும் வஞ்சிரத்துக்கும் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

"தொடலாம்" என்று போர்டு.
ஊரே தொட்டது.
ஆஸ்பத்திரியிலிருந்து ஃபைலும் கையுமாக வந்தார்கள்,
கொல்கத்தாக்காரர்கள், அகர்தலாக்காரர்கள்,
ஸ்கேனுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில்
போக இடமில்லாதவர்கள்.
மணிக்கட்டில் பட்டை கட்டிய ஒருவர்
உள்ளங்கையை ஐஸில் வைத்து எடுக்கவே இல்லை.
"தண்டா" என்றார் என்னிடம்.
எனக்கு வெள்ளைத் தண்டுதான் ஞாபகம் வந்தது.
கவுஸ் தலையாட்டினான், அவன் வீட்டிலும் அதே சொல்தான்.
அப்புறம் மூன்று பேரும்
பேச ஒன்றுமில்லாமல் நின்றோம்.

மாலைக்குள் பார் இடுப்பளவு இறங்கிவிடும்.
ஒரே இடத்தில் எல்லோரும் கை வைத்து வைத்து
அங்கே ஒரு குழி,
விரல் விரலாக.
காலையில் புதுப் பார் வைக்கிறேன்,
சாயங்காலம் அதே உயரத்தில் அதே கை.
உருகியது எல்லாம் பைப்பில் ஓடி
அகழியில் விழுந்தது. தவளைகளுக்கு யோகம்.

பத்தாம் நாள் பந்தலைப் பிரித்தார்கள்.
முனகலை நிறுத்தியதும்
மைதானத்துக்குத் திடீரென்று பஸ் சத்தம் வந்தது.
மிச்சம் ஒரே ஒரு துண்டு, குழியோடு.
கரும்பு ஜூஸ்காரன் வாளியோடு வந்து நின்றான்.
"இரு" என்றேன்.
குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
சுண்டு விரல் மட்டும் இடித்தது.
பிறகு உளியால் ஒரே குத்து.

எங்கள் பில் புத்தகத்தில் மூன்று கட்டம்:
மீன், விசேஷம், துக்கம்.
மேடம் செக் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.
கை ஈரம், பேனா வழுக்கியது.
எதில் டிக் அடிப்பது என்று தெரியாமல்
நூற்றறுபது பார் என்று மட்டும் எழுதிக்
கிழித்துக் கொடுத்தேன்.