ஐந்தாவது அடி

கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் பாதைக்கு இந்தப் பக்கம்
டில்லிபாபுவின் தகரக் கொட்டகை.
உள்ளே நாற்பது டன் பவர் பிரஸ்,
அதன் தோளில் என் உயரத்துக்கு ஒரு சக்கரம்.
மோட்டாரைப் பார்த்தால் சிரிப்பு வரும்,
மாவு மில்லில் இதைவிடப் பெரிசு வைத்திருக்கிறார்கள்.
அது எதையும் அடிப்பதில்லை.
சக்கரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.
அடிப்பதெல்லாம் சக்கரம்.

பெடலை மிதிப்பேன். தகடு கிழியும். வாஷர் விழும்.
நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது சுற்று
இருநூற்றுப் பதினாறாய் இறங்கும்.
காதுக்குத் தெரியும், ரீங்காரம் ஒரு படி தாழ்ந்து
அடுத்த தகட்டை நான் தள்ளுவதற்குள்
மறுபடி மேலே ஏறிவிடும்.
ஒரே சீராய்ச் சுற்றுகிறது என்பவர்கள்
பக்கத்தில் நின்றதில்லை.

கரண்ட் போனால்
லைட் சாகும், ஃபேன் சாகும், எஃப்எம் சாகும்.
சக்கரம் சாகாது.
அதற்குள் இன்னும் எத்தனை அடி மிச்சமென்று
ஃபிட்டர் எத்திராஜ் சாக்பீஸால் சுவரில் எழுதினான்:
240
216
189
157
118
தகடு அதே கனம். அடி அதே அடி.
சரிவு மட்டும் ஒவ்வொரு தடவையும் பெரிசு.
"வேகம் பாதியானா சத்து கால்தான்.
நாலோட நிறுத்திக்கோ ஏகவல்லி."

இந்தக் கணக்கை நான் வேறெங்கோ பார்த்திருந்தேன்.
செவ்வாய்க்குச் செவ்வாய் குழுக் கடன்,
அதே அறுநூற்றைம்பது ரூபாய்.
முதல் மாதம் தெரியவேயில்லை.
நாலாவது மாதம் தோடு.

மே மாதம், ராத்திரி ஷிப்ட்.
எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்து ஏரியாவே இருட்டு.
இருட்டில் ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது வாஷர் தயங்கித்தான் விழுந்தது.
பீஸுக்கு முப்பது பைசா.
முப்பது பைசாவுக்கா என்று கேட்காதீர்கள்,
கால் மிதித்துவிட்டது.

ராம் இறங்கியது.
தகட்டில் பல்லைப் பதித்தது.
அப்படியே நின்றது.

சக்கரம் தானாக ஓய்ந்து நிற்பது வேறு.
இது வேறு.
வெளியே ஷண்டிங்கில் காலிப் பெட்டிகள்
ஒன்றையொன்று இடிக்க, அந்த இடி
கடைசிப் பெட்டிவரை ஓடிப்போவது கேட்டது.

டில்லிபாபு செல்போன் வெளிச்சத்தோடு வந்தார்.
திட்டவில்லை, அதுதான் கஷ்டமாயிருந்தது.
கடப்பாரையைச் சக்கரத்தில் கொடுத்து
மூன்று பேரும் பின்னுக்குத் தள்ளினோம்.
ஒரு மணி நேரம், தோள் பிய்ந்தது.
பிடி விட்ட தகட்டில் பாதி வெட்டிய வட்டம்.
நிலா என்று சொல்ல மாட்டேன்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
மோட்டார் முனகியது. சக்கரம் அசைந்தது.
முழு வேகம் பிடிக்க நாற்பது செகண்ட்,
அதுவரை மிதிக்கக் கூடாது.
முதலாளியே பக்கத்தில் நின்றாலும்
மிதி என்று சொல்ல முடியாத நாற்பது செகண்ட்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.