எட்டாம் கட்டம்

படிவத்தின் மூன்றாம் கட்டம் சாராயம் கேட்கிறது.
இல்லை.
நாலாவது புகை. ஐந்தாவது கஞ்சா, பிறகு குளிசை.
இல்லை, இல்லை.
வெற்றிலை எப்பவாவது, செத்தவீட்டில்.
பிரதாபன், வயது முப்பத்திநாலு,
சுன்னாகச் சந்தியில் ஓட்டோ ஓடியவர்,
எல்லாக் கேள்விக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுகிறார்.
எட்டாம் கட்டம்: நோய்.
அதில்தான் என் பேனை நிற்கிறது.

இரவு இரண்டு மணிக்கு
எங்கோ பனி கொட்டும் ஊரில்
பெயர் வாசிக்க வராத இரண்டு பேர்
மேசைப்பந்து அடிக்கிறார்கள்.
இங்கே போர்வைக்குள் இவர் காசு கட்டுகிறார்.
முதலில் பெற்றோல் காசு.
பிறகு லீசிங் காசு.
பிறகு கலாமதியின் தாலிக்கொடி அடைவுக்குப் போனது.
"ஆர் வெல்லுறது எண்டதில எனக்கு ஒண்டுமில்லை, மிஸ்.
பந்து மேல நிக்கேக்க
நெஞ்சுக்குள்ள ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்."

சொல்லும்போது கை சட்டைப் பையைத் தொடுகிறது.
பை வெறுமை. போன் மனைவியின் கைப்பையில்.
மிதிவெடியில் கால் போன என் சித்தப்பா
இல்லாத பெருவிரலைச் சொறியக் குனிவார்.
அதே குனிவு.

புதன்கிழமைக் கூட்டத்தில் பெரிய டொக்டர் சொன்னார்:
"பழக்கத்துக்கெல்லாம் வருத்தம் எண்டு பேர் வைச்சால்
நல்லூருக்கு இருபத்தைஞ்சு நாளும் போற மனுசிக்கும்
ஒரு இலக்கம் தேட வேணும்."
சிரித்தோம்.
ஜனூஷா டொக்டர் சிரிக்கவில்லை.
"அந்த மனுசி வீட்டை திரும்பிறா, சேர்.
இவர் திரும்பேல்லை."
"திரும்பாததுக்கு என்ன குளிசை வைச்சிருக்கிறீர்?"
தேநீரில் ஆடை பிடித்தது.
இரண்டு பேரும் சரி என்றே பட்டது எனக்கு.
பேனைக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

கலாமதிக்கு வாதம் வேண்டாம், கடிதம் வேண்டும்.
வருத்தம் என்றால் லீசிங்காரன் ஒரு மாதம் பொறுப்பான்,
மாமி கஞ்சி வைப்பா.
பழக்கம் என்றால் தமையன்மார் வந்து அடிப்பார்கள்,
போன கிழமையும் அடித்தார்கள்.
எங்கள் ஊரில் வருத்தம் என்ற ஒரே சொல்
காய்ச்சலுக்கும் போகும், கவலைக்கும் போகும்.
படிவத்துக்கு மட்டும் அது போதாது.

மேலிருந்து வந்த சுற்றறிக்கை சொல்லொன்று தருகிறது:
சூதாட்டத்துக்கு அடிமையானவர்.
நான் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தை இழுக்கும்போதே
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாக வாசித்துவிட்டார்.

"விசர் எண்டு எழுதுங்கோ.
கள்ளன் எண்டாலும் எழுதுங்கோ.
அந்தச் சொல் வேண்டாம், மிஸ்.
எங்கட ஆக்களுக்கு அதைப்
பிறக்க முதலே எழுதி வைச்சவை,
பழைய தோம்பில, காணியோட, மாட்டோட."

முகம் சுட்டது.
எழுதி வைத்தவர்களின் வரிசையில்
என் வீட்டுப் பெயரும் இருந்திருக்கும்.
வெட்டினேன்.

பிறகு கேட்டேன், இதை நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?
வெளியே அம்புலன்ஸ் ஒன்று பின்னுக்கு எடுத்து முடியும்வரை
யோசித்தார்.
"அது கூப்பிடுது.
நான் ஓம் எண்டுறன்.
ரெண்டுக்கும் நடுவில
முந்திக் கொஞ்சம் இடம் இருந்தது."

எட்டாம் கட்டத்தில் அதையே எழுதினேன், பென்சிலால்,
கோட்டுக்கு வெளியே வழிய.
குறியீடு இல்லாமல் கணினி ஏற்காது என்று
நாளைக்குப் பேச்சு விழும். விழட்டும்.

அடுத்த தவணையைப் போனுக்கு அனுப்புவம் என்று
வாய் பழகினபடி சொல்லிவிட்டேன்.
கலாமதி பார்த்த பார்வை.
மட்டையில் எழுதிக் கொடுத்தேன்,
வியாழன், காலை எட்டரை.

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்தார்.
சைக்கிள் நிறுத்துமிடம் வரை போவதற்குள்
மூன்று தரம் தொட்டுப் பார்த்தார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலாவது தரம் தொட்டது கலாமதி.